21 தீவு, 21 நாள்

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. தீசிஸ், டிஏ வேலை, வீகெண்ட் வேலைன்னு வழக்கமான சாக்கெல்லாம் இருக்கு, அதையெல்லாம் விடுங்க. இந்தத் தடவை சொல்றதுக்கு நிஜமாவே ஒரு கதை இருக்கு. போன கோடையில நான் ஒரு தீவுல படுத்துத் தூங்கினேன்.

இதுல என்னடா பெருமைன்னு கேட்பீங்க. எங்க ஊர்க்காரனைக் கேட்டா தெரியும்.

எனக்கு ஊர் ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவுல ஒரு கடற்கரைக் கிராமம். தெளிவான நாள்ல கரையில நின்னா தூரத்துல பென்சில்ல கோடு கிழிச்ச மாதிரி தீவுகள் தெரியும். அப்பா தீவு, தலையாரித் தீவு, வாழைத் தீவு, முள்ளித் தீவு... ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் இப்படி மொத்தம் 21. எங்க தாத்தா காலத்துல தங்கலுக்குப் போவாங்களாம். அரிசி, தண்ணி, கருவாடு எல்லாம் வள்ளத்துல ஏத்திக்கிட்டுப் போய் தீவுல கொட்டகை போட்டு நாலஞ்சு நாள் இருந்து மீன் பிடிச்சுட்டு வர்றது. அப்பத்தா பாசி எடுக்கப் போகும்போது அங்கேயே சோறு பொங்கித் தின்னுட்டு மரத்தடியில ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் வருமாம்.

1986-ல அந்த 21 தீவையும் சுத்தியுள்ள கடலையும் கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. 1989-ல உயிர்க்கோளக் காப்பகம். தீவுல கால் வைக்கக் கூடாது. நான் பிறந்ததெல்லாம் அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சு. அதனால கடற்கரையிலேயே வளர்ந்தும் கண்ணெதிர்ல தெரியுற தீவுல ஒரு தடவைகூட இறங்கினது கிடையாது. அப்பத்தா சொல்ற கதையில மட்டும்தான் எனக்கு அந்த மணல் தெரியும்.

இந்த ஏக்கத்தோட டொராண்டோ வந்து இறங்கினவனுக்கு ஊருக்கு முன்னாடியே தீவு இருக்குன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்? வந்த முதல் கோடையிலேயே ஜாக் லேட்டன் படகுத்துறையில டிக்கெட் எடுத்தாச்சு. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல டொராண்டோ தீவுகள். 1858-ல ஒரு பெரும் புயல் வந்து நீளமா இருந்த மணல்திட்டை அறுத்துவிட்டு உண்டான தீவுகள் அவை. வார்ட்ஸ் தீவுக் கரையில படுத்துக்கிட்டு எதிர்ல சிஎன் டவர் விளக்கைப் பார்த்துக்கிட்டே, இன்னிக்கு ராத்திரி இங்கேயேன்னு முடிவு பண்ணினேன். பையில ஒரு போர்வை, ரெண்டு பாக்கெட் பிரட்.

இருட்டினதும் ஒருத்தர் வந்து ரொம்ப மரியாதையா, "கடைசிப் படகு போயிடும், கிளம்புங்க"ன்னார். நகரப் பூங்காக்கள்ல அனுமதிச் சீட்டு இல்லாம ராத்திரி தங்கறதுக்கு டொராண்டோ மாநகர விதி இடம் கொடுக்காது. போர்வையைச் சுருட்டிக்கிட்டுத் திரும்பினேன். வேடிக்கை என்னன்னா, அதே தீவுல 260 சொச்சம் வீடுகள் இருக்கு. 1950-கள்ல தீவு முழுக்கப் பூங்கா ஆக்கறோம்னு மெட்ரோ நிர்வாகம் வீடுகளை இடிக்க ஆரம்பிச்சது. மிச்சம் இருந்தவங்க விடல. 1980 ஜூலை 28 அன்னிக்கு ஷெரிஃப் வந்தப்ப ஊரே பாலத்துல நின்னு மறிச்சிருக்கு. கடைசியில 1993-ல தனிச் சட்டம் போட்டு 99 வருஷக் குத்தகை கொடுத்தாங்க. வீடு அவங்களுது, அடியில இருக்கிற மண் அவங்களுது இல்ல.

பிறகுதான் இன்னொண்ணும் புரிஞ்சது. இந்த ஊர்ல கூடாரம்ங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம். ஏரிக்கரைக்குக் காரை எடுத்துக்கிட்டுப் போய் அடிச்சா அது விடுமுறை. டிரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவுல அடிச்சா அது வீடில்லாதவங்க வீடு. 2021 ஜூன், ஜூலை மாசங்கள்ல அங்கேயும் லாம்போர்ட் மைதானத்துலேயும் இருந்த கூடாரங்களைப் போலீஸ் வச்சு அகற்றினாங்க. துணி ஒண்ணுதான், கம்பி ஒண்ணுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் குடியிருக்கிறது ஸ்கார்பரோவுல ஒரு பேஸ்மென்ட்ல. வீட்டுக்கார அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர், வேலணை. தொண்ணூறுகளின் தொடக்கத்துல இடம்பெயர்ந்து, எங்கெங்கேயோ சுத்தி இங்க வந்தவர். தீவுல தங்கற ஆசையை அவர்கிட்டச் சொன்னேன். சிரிச்சார்.

"தம்பி, இஞ்ச வேலி இல்லாட்டியும் காணிக்கு ஆள் இருக்கும். ஆற்ற காணியெண்டு தெரியாமல் கால் வைக்கக் கூடாது. நீர் ஸ்டூடன்ட் விசாவில நிக்கிறீர், அதையும் யோசியும்."

சொல்லிட்டு உள்ள போய் ஒரு பழைய கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு வந்து கையில கொடுத்தார். அவர் பிள்ளைங்க சின்னதா இருந்தப்ப வாங்கினதாம்.

விசான்னு சொன்னதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். தீசிஸுக்கு இவ்வளவு படிச்சிருந்தா கைடு சந்தோஷப்பட்டிருப்பார். படிச்சதுல உருப்படியானதை மட்டும் சொல்றேன், போகணும்னு நினைக்கிறவங்களுக்கு உதவும்.

ஒண்டாரியோவுல 87 சதவீத நிலம் கிரவுன் லேண்ட், அதாவது அரசு நிலம். நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா புறம்போக்கு. பெரும்பாலும் எல்லாம் வடக்கே. அதுல தடைன்னு எழுதி வைக்காத இடத்துல கூடாரம் போட்டுக்கலாம், காசு கிடையாது. ஒரே இடத்துல ஒரு வருஷத்துக்கு 21 நாள். அதுக்கு மேல இருக்கணும்னா குறைஞ்சது 100 மீட்டர் தள்ளிப் போகணும். இந்த 21-ஐப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் என்னவோ போல ஆயிடுச்சு. ஊர்ல 21 தீவு, இங்க 21 நாள்.

வெளிநாட்டுக்காரங்களுக்கு பிரெஞ்ச் ஆறு, மட்டாவா ஆறு ரெண்டுக்கும் வடக்கே காசு கட்டி அனுமதி வாங்கணும். ஆனா கடைசிப் பன்னிரண்டு மாசத்துல ஏழு மாசம் கனடாவுல இருந்திருந்தா வெளிநாட்டுக்காரன் கணக்குல சேர்த்தி இல்ல. அதைப் படிச்சப்ப சிரிப்பு வந்தது. விசாவுல நான் தற்காலிகம். வாடகை ஒப்பந்தத்துல ஒரு வருஷம். காட்டுல கூடாரம் போடற விஷயத்துல மட்டும் நான் இந்த நாட்டுல குடியிருக்கிறவன்!

தனியார் நிலம்னா கதையே வேற. ஒண்டாரியோவுல அத்துமீறல் சட்டம்னு ஒண்ணு இருக்கு. வேலி போடணும், பலகை வைக்கணும்னு கட்டாயம் இல்ல. மரத்துலயோ பாறையிலயோ பத்து சென்டிமீட்டர் வட்டம் அளவுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சிருந்தாலே உள்ள வராதேன்னு அர்த்தம். மஞ்சள்னா சில வேலைக்கு மட்டும் வரலாம். கிளம்புன்னு சொன்னப்புறமும் நின்னா குற்றம். அபராதம் அதிகபட்சம் 10,000 டாலர். ரூபாயில மாத்திப் பார்க்காதீங்க, நான் பார்த்துட்டு ராத்திரி தூங்கல.

தண்ணியில மிதக்கிறவரைக்கும் பிரச்சினை இல்ல. படகு ஓடற நீர்நிலையில எல்லாரும் துடுப்புப் போடலாம். கரையில கால் வச்சாத்தான் வம்பு. கரையோரமா 66 அடிக்கு பழைய சர்வேக்காரங்க பொதுப்பாதைன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. ஆனா பல இடங்கள்ல உள்ளாட்சிகள் அதைக் காட்டேஜ்காரங்களுக்கே வித்துடுச்சு. எது வித்தது, எது விக்காததுன்னு பார்த்தவுடனே சொல்ல முடியாது.

ஸ்வீடன்ல அடுத்தவர் நிலத்துல, வீட்டுக்குத் தள்ளி, ஒரு ராத்திரி கூடாரம் போட்டுக்கலாம். பயிரைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து 2003-ல இதைச் சட்டமாவே போட்டது. கனடா அப்படி இல்ல. இங்க நிலம் ஒண்ணு அரசாங்கத்துது, இல்லன்னா யாரோ ஒருத்தருது. ஒண்டாரியோ இயற்கைவள அமைச்சகத்தோட கிரவுன் லேண்ட் வரைபடம் இணையத்துல இருக்கு. எது யாருதுன்னு அதுல தேடிப் பிடிக்கணும்.

மாகாணப் பூங்காவுக்குப் போயிடலாமேன்னு கேட்கலாம். ஒரு ராத்திரிக்கு நாற்பது டாலருக்கு மேல. அஞ்சு மாசம் முன்னாடி காலைல ஏழு மணிக்குப் புக்கிங் திறக்கும். நம்ம தட்கால் டிக்கெட் தெரியுமில்ல, அதே அனுபவம். ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கு எல்லாம் காலி.

அப்படித் தேடித் தேடிக் கிடைச்சதுதான் ஜார்ஜியன் விரிகுடாவுல ஃபிராங்க்ளின் தீவு. டொராண்டோவுல இருந்து நெடுஞ்சாலை 400-ஐப் பிடிச்சு வடக்கே போனா பாரி சவுண்ட். அங்கிருந்து ஸ்னக் ஹார்பர். அங்கிருந்து படகு. முழுத் தீவும் அரசு நிலம்.

நானும் கோயமுத்தூர்க்கார ரூம்மேட்டும் வாடகைக் கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பினோம். அவன் வாழ்க்கையில நொய்யலைத் தாண்டினதில்ல. :-) வாடகைக்கு ஒரு கனூ, ரெண்டு லைஃப் ஜாக்கெட். கடற்கரைப் பையன்ங்கிற திமிருல பின்னாடி நான் உக்காந்தேன். ஜார்ஜியன் விரிகுடா ஏரிதான், ஆனா அலை வந்தா கடல் மாதிரியே வரும். உப்பு வாடை மட்டும் இல்ல. முப்பதாயிரம் தீவுகள்னு பேர். நான் எண்ணல. எல்லாமே ரோஸ் கலர்ப் பாறை, அதுமேல ஒரு பக்கமாச் சாய்ஞ்ச பைன் மரங்கள். எல்லாத் தீவும் ஒண்ணு போலவே இருக்கு. இங்கதான் சறுக்கினோம்.

லேட்டாக் கிளம்பினது ஒண்ணு, மேற்குக் காத்து ஒண்ணு. போன்ல மேப் சுத்திக்கிட்டே இருந்தது. ஒரு பாறை மறைவுல கனூவை இழுத்துப் போட்டு, இதுதான் ஃபிராங்க்ளின்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். கூடாரம் பாதி எழும்பியிருக்கும். மோட்டார் சத்தம். அலுமினியப் படகுல ஒரு பெரியவர், கூடவே ஒரு கறுப்பு நாய்.

"எந்த இடத்துல இருக்கீங்கன்னு தெரியுமா?"

தெரியும்னு தீவு பேரைச் சொன்னேன். இல்லன்னு தலையாட்டினார். தன் தாத்தா வாங்கின தீவுன்னார். பின்பக்கம் போய்ப் பாருங்கன்னு கையைக் காட்டினார். பாறையைச் சுத்திப் போய்ப் பார்த்தா படகுத்துறை, காட்டேஜ், பைன் மரத்துல தட்டு அளவுக்குச் சிவப்பு வட்டம். நாங்க வந்து இறங்கினது கொல்லைப்புறம்.

அந்த நிமிஷம் என் மண்டைக்குள்ள ஓடினதைச் சொன்னா சிரிப்பீங்க. பத்தாயிரம் டாலர். கோர்ட். விசா. ஊருக்குத் திரும்பி வர்ற விமானம். ஏர்போர்ட்ல அப்பா முகம். மூணு தடவை மன்னிப்புக் கேட்டிருப்பேன். ரூம்மேட் என்னைவிட வேகமாக் கம்பியைப் பிடுங்கிக்கிட்டு இருந்தான். பெரியவர் அதட்டல. நாய்தான் எங்க பிரட்டை மோந்துக்கிட்டு இருந்தது. கிளம்பும்போது மேற்கே விரலை நீட்டினார்.

"அந்த நீளமான தீவு. அங்க போய் இறங்குங்க. அது எல்லாருக்கும் சொந்தம்."

பொழுது சாயறதுக்குள்ள துடுப்புப் போட்டு அங்க போய்ச் சேர்ந்தோம். யாரும் கேட்கல. பக்கத்து முனையில இன்னொரு கூடாரம், அங்கிருந்து ஒரு சின்னப் பொண்ணு கையை ஆட்டிச்சு. அந்த வருஷம் அந்த வாரம் தீத்தடை எதுவும் போடல, சின்னதா மூட்டி மேகி பண்ணினோம். சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்குப் பயந்து மரத்துல கட்டித் தொங்கவிட்டோம். பாம்பு பத்தின பயம் தனி. ஒண்டாரியோவுல விஷமுள்ள பாம்பு மசசாகா ஒண்ணுதான், அதோட வீடே இந்தப் பாறைங்கதான். ரூம்மேட் ஷூவைக் கழட்டாமயே தூங்கினான்.

எனக்குத் தூக்கம் வரல. வெளிய வந்து பாறைமேல படுத்தேன். பகல் வெயில் இன்னும் பாறையில இருந்தது, முதுகுக்கு இதமா. அப்பத்தா சொல்ற மாதிரியே அலைச்சத்தம் தலைக்குக் கீழ கேட்டது. அழுதேன்னு எழுதினா சினிமா மாதிரி இருக்கும், ஆனா கொஞ்சம் அழுதேன். வேற நாட்டுத் தீவுல, எங்க தாத்தா படுத்த மாதிரி நான் படுத்திருக்கேன். அவர் படுத்த தீவுல நான் படுக்க முடியாது.

ஊர்ல மூடினதுக்குக் காரணம் இல்லாம இல்ல, அதையும் சொல்லணும். சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுல கடல் அரிச்சு பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. 21-ல ரெண்டு தீவு இன்னிக்குப் பேர்ல மட்டும்தான் இருக்கு. மூடாம விட்டிருந்தா இன்னும் எத்தனை போயிருக்குமோ. ஆனா பாறை வெட்டினவங்களுக்கும் பாசி எடுத்த அப்பத்தாவுக்கும் ஒரே கதவைத்தான் சாத்தினாங்க. 2001-ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல சேர்த்தாங்க. அப்பத்தா மாதிரிப் பொம்பளைங்க அதுக்குப் பிறகும் பயந்து பயந்து தீவைச் சுத்திப் பாசி எடுக்கப் போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க. சின்னப்பாலத்துப் பாசி எடுக்கிற லட்சுமி மூர்த்திக்கு 2015-ல சீகாலஜி விருது கிடைச்சப்ப எங்க ஊர்ப் பெண்கள் அதை ரொம்ப நாள் பேசினாங்க.

டொராண்டோ திரும்பினதும் வீட்டுக்கார அண்ணாகிட்டக் கூடாரத்தைக் கொடுத்துட்டு எல்லாத்தையும் சொன்னேன். சிவப்பு வட்டக் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சார். பிறகு கொஞ்ச நேரம் பேசல.

"எங்கட வேலணைக்குப் போக ஒரு காலத்தில பாஸ் எடுக்க வேணும் தம்பி. சொந்தக் காணிக்கு."

நான் என்ன சொல்ல. டீயைக் குடிச்சு முடிச்சேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவுக்கு வீடியோ கால். பாறை, மரம், கனூ எல்லாப் படத்தையும் காட்டினேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துச்சு.

"தீவுலயா படுத்த?"

"ஆமா அப்பத்தா."

"யாரும் வெரட்டலையா?"

"ஒரு தீவுல வெரட்டினாங்க. இன்னொண்ணுல ஒண்ணும் சொல்லல. 21 நாள் இருக்கலாமாம்."

"அம்புட்டு நாளா!" கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. "தண்ணி நல்லாருக்கு, மீன் இருக்கு, மரம் இருக்குங்கற. அப்பறம் ஏன்யா சும்மா கெடக்கு? அங்க இருந்தவுக எல்லாம் எங்க போனாக?"

இதை நான் கேட்கல. பத்து நாள் சட்டம் படிச்சும், ஒரு ராத்திரி அங்கேயே படுத்தும் கேட்கல. பாசி எடுக்கிற எங்க அப்பத்தா படத்தைப் பார்த்தவுடனே கேட்டுச்சு.

அதுக்கப்புறம் தேடிப் படிச்சேன். அந்தக் கரையும் தீவுகளும் அனிஷினாபே மக்களோடது. 1850-ல ராபின்சன்-ஹியூரன் ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டு அரசு வாங்கிக்கிச்சு. பதிலுக்கு வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு தொகை, நிலத்துல வருமானம் கூடக் கூட அதுவும் கூடும்னு பேச்சு. 1875-ல அது 4 டாலர் ஆச்சு. அதுக்கப்புறம் கூடவே இல்ல. மரம் வெட்டினாங்க, சுரங்கம் தோண்டினாங்க, காட்டேஜ் கட்டினாங்க, 4 டாலர் 4 டாலராவே இருந்தது. பல்கலைக்கழகத்துல ஒரு லாட்டே வாங்கினா மிச்சம் வராது. வழக்குப் போட்டு, 2023-ல பழைய பாக்கிக்கு 10 பில்லியன் டாலர் உடன்பாடு அறிவிச்சாங்க. ஒப்பந்தக் கையெழுத்துக்காரங்கள்ல ஷவனாகா, வசாக்சிங் மக்கள் பாரி சவுண்ட் பக்கத்துலேயே இருக்காங்க. நாங்க நெடுஞ்சாலையில அந்தப் பேர்ப்பலகையைத் தாண்டித்தான் போயிருக்கோம். பார்த்த ஞாபகமே இல்ல.

கொஞ்சம் தெற்கே போசோலெய் தீவு. அங்க குடியிருந்த மக்கள் மண்ணு விளையலன்னு 1850-கள்ல கிறிஸ்டியன் தீவுக்கு மாறிப் போனாங்க. அந்தத் தீவு 1929-ல தேசியப் பூங்கா ஆச்சு.

இதையெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவுக்குச் சொன்னேன். 4 டாலர் எவ்வளவுன்னு ரூபாயில கேட்டுச்சு. சொன்னேன். வருஷத்துக்கான்னு திரும்பக் கேட்டுச்சு. ஆமான்னேன்.

"அவுகளும் கரையில நின்னு பாத்துக்கிட்டுதான் இருப்பாக"ன்னுச்சு.

அடுத்த கோடையிலயும் போவேன். காசில்லாத மாணவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, பொய் சொல்ல விரும்பல. நீங்களும் போங்க. குப்பையைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துடுங்க, தீத்தடை இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க, வரைபடத்தைப் போன்ல மட்டும் நம்பாம அச்சடிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க. கரையேறுறதுக்கு முன்னாடி தீவை ஒரு தடவை முழுசாச் சுத்தி வந்து சிவப்பு வட்டம் இருக்கான்னு பாருங்க. அதோட அந்த இடத்துல முன்னாடி யார் இருந்தாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னும் ஒரு தடவை தேடிப் படிச்சுட்டுப் போங்க.

டிசம்பர்ல ஊருக்கு வர்றேன். அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டுக் கரைக்குப் போகணும். தீவு கிட்ட வரைக்கும் வள்ளத்துல போக முடியுமான்னு மாமாகிட்டக் கேட்டிருக்கேன். இறங்க மாட்டோம். அது படுத்த மரம் எந்தப் பக்கம்னு தண்ணியில இருந்தே காட்டறேன்னு சொல்லியிருக்கு.